லாபம், ரெண்டு, மூண்டு

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, அவர் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டுமாம். அவருடைய வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார்கள். பெரியப்பா இளையதம்பி ஒரு வசனத்தையும் தாமாகவே சொல்லித் தந்துவிட்டுப் போனார்: "கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்திருந்தார்." அந்த வசனத்தை என்னால் எழுத முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

அப்பாவின் பெயர் ஏரம்பு. புலோலியிலிருந்து முரசுமோட்டைக்கு வந்து, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காட்டை வெட்டி வயலாக்கியவர். குரல் கணீரென்று இருக்கும். அதனால் சுற்றுவட்டாரத்தில் எவருடைய களத்திலும் நெல் அளக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். களத்தில் முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள். "லாபம்" என்று தொடங்கி, ரெண்டு, மூண்டு என்று போவார்கள். ஒன்று என்றால் விளைச்சல் அந்த ஒன்றோடு நின்றுவிடுமாம்.

அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோது டொக்டர் சொன்னார்: "செத்த மூளை முளைக்காது அம்மா. இனி இவ்வளவுதான். சமாளியுங்கோ."

வீட்டுக்கு வந்தபின் உப்பு வேண்டுமென்றால் "மாடு" என்பார். தண்ணீருக்கும் மாடுதான். தவறு என்று அவருக்கே தெரியும். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். பார்க்க வருகிறவர்கள் செவிடரோடு கதைப்பதுபோலக் கத்துவார்கள். பிறகு அவர் முன்னாலேயே, "பாவம், மண்டை பழுதாப் போச்சுது" என்று அம்மாவிடம் சொல்வார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்க எனக்குக் கை கூசும்.

மாசியில் பக்கத்து வயலில் சூடு மிதித்தார்கள். வெட்டிய கதிரின்மேல் மாடுகளைச் சுற்றவிட்டு, "பொலி, பொலி" என்று பாடும் குரல் பின்னேரக் காற்றில் வந்தது. கட்டிலில் கிடந்த அப்பா அந்தப் பாட்டின் அடுத்த அடியைப் பிழையில்லாமல் பாடினார். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா.

"இஞ்சேருங்கோ, எண்ணுங்கோ பாப்பம்."

"லாபம், ரெண்டு, மூண்டு, நாலு..." பதினைந்து வரை ஒரே மூச்சில் போனார்.

"உள்ளுக்கை கிடக்குது பிள்ளை," என்றா அம்மா என்னிடம். "வாய்க்கால் உடைஞ்சால் மற்றப் பக்கத்தாலை வெட்டித் தண்ணி கொண்டுபோறேல்லையோ?"

அன்றிலிருந்து வெட்டத் தொடங்கினா. நான் ஆசிரியர் கலாசாலைக்கு இடம் கிடைக்கக் காத்திருந்த காலம் அது, நானும் உதவினேன். எண்ணிக்கையை ஏணியாக வைத்து ஒவ்வொரு சொல்லாக ஏறினோம். ஒரு சொல்லை ஒரு கிழமை முழுக்கச் சொல்லுவோம். மறு கிழமை அது போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து. ஆனியளவில் தன் பெயரைச் சொன்னார். உப்பு, தண்ணீர், அம்மாவின் பெயர் அன்னபாக்கியம், எல்லாம் வந்தன. எண்களும் தனித்தனியே வந்தன, ஒன்றைத் தவிர. ஒரு விரலைக் காட்டினால் "லாபம்" என்பார்.

"ஒண்டு எண்டு சொல்லுங்கோ."

"லாபம்."

"ஓம், உங்கடை லாபத்தைக் கொண்டுபோய்ச் சந்தையிலை வில்லுங்கோ. ஒண்டு!"

அவர் செம்பை எடுத்துச் சுவரில் எறிவார். அம்மா நெளிந்த செம்பை எடுத்து வைத்துவிட்டு மறுபடி விரலை நீட்டுவா.

ஆவணியில் காலபோக விதைப்புக்கு முன்னர் குடியேற்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். பெரியப்பா அவரோடு கூடவே இறங்கினார். தன் தம்பிக்குப் புத்தி சரியில்லை, வயலைத் தன் பொறுப்பில் விடவேண்டும் என்று அவர்தான் குடியேற்றக் கந்தோரில் சொல்லியிருந்தார். அதிகாரி யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர், களம் கண்டறியாதவர். கெட்டவரல்ல. கதிரையில் இருந்து அப்பாவையே கேட்டார்.

"உங்கடை பேர்?"

"ஏ...ரம்பு."

"எத்தனை ஏக்கர் வயல்?"

"மூண்டு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"எத்தனை பிள்ளையள்?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருடைய வாய் கோணியது. நெற்றியில் வேர்த்தது.

"லாபம்."

"என்ன?"

"லாபம்!"

அதிகாரி பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முன்னுக்குப் போய், "ஐயா, களத்திலை ஒண்டுக்கு லாபம் எண்டுதான் சொல்லுறது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவர் சரியாத்தான் சொன்னவர்," என்றா.

"இது களமில்லையே அம்மா."

"அத்தானைக் கேளுங்கோ. அவருக்குத் தெரியும்."

பெரியப்பாவுக்குத் தெரியும். தன் களத்தில் ஒவ்வொரு வருடமும் அப்பாவைக் கொண்டு லாபம் என்று அளப்பித்தவர் அவர். இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு, "அவன் எதுக்கும் உந்தச் சொல்லைத்தான் சொல்லுறவன் ஐயா," என்றார்.

வயல் போயிற்று. இப்போதைக்கு என்றுதான் அதிகாரி சொன்னார். அந்த "இப்போதைக்கு" அப்பா சாகும்வரை முடியவில்லை. கந்தோருக்கு அம்மா நடந்த நடையெல்லாம் வீண்.

அதன்பின் அப்பா செம்பை எறியவில்லை. விடிந்ததும் தானே அம்மாவின் கையைப் பிடித்து விரலை நீட்டச் செய்வார். முற்றத்து வேலியோரம் நடந்துகொண்டு உதட்டைக் குவித்து, விரித்து, முனகுவார். கேட்கச் சகிக்காது. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதன் மாதக் கணக்காக மாரடிப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார்மீது என்றுதான் தெரியாது.

அடுத்த மாசியில் எங்கள் வயலில் பெரியப்பா சூடடித்தார். அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு களத்துக்குப் போனார். நாங்கள் மறித்தும் கேட்கவில்லை. தூற்றிய நெல் குவிந்து கிடந்தது. பெரியப்பா முதல் மரைக்காலை நிரப்பித் தூக்கிச் சாக்கில் கொட்டினார். அவர் வாய் திறக்குமுன் அப்பாவின் குரல் கேட்டது. பழைய கணீர்க் குரல்.

"ஒண்டு."

களத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாத சொல். அப்பா பொல்லால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

"பிள்ளை... ஒண்டு. ஒண்டு."

அதிகாரியின் கேள்விக்கு அது பதில். அவர்தான் அங்கே இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. சிரித்தாவா அழுதாவா என்று எனக்குத் தெரியவில்லை.

"வாயைப் பொத்தடா," என்றார் பெரியப்பா. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "களத்திலை நிண்டு கதைக்கிற கதையே இது? நான் அப்பவே சொன்னனான், இவனுக்கு மண்டை சரியில்லையெண்டு."

பெரியப்பா சாக்கைக் கவிழ்த்து அந்த நெல்லைக் குவியலில் திருப்பிக் கொட்டினார். பிறகு குனிந்து, லாபம் என்று தொடங்கி, முதலிலிருந்து அளந்தார்.