ரசச் சட்டியில் வெந்த ஸ்டீல் கம்பி

கல்யாணமான புதிதில் எங்களுக்குள் வந்த சண்டையெல்லாம் எலக்ட்ரிக் கிடாரின் கம்பியைப் பற்றித்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் என் வீட்டுக்காரர் கிடார் வாசித்தார், நான் பாடினேன். அவருக்கு ஸ்டீல் கம்பி என்றால் உயிர். தட்டினால் சுரீரென்று பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் போகும், இளவட்டங்கள் விசில் அடிப்பார்கள். எனக்கு நிக்கல் கம்பிதான் பிடிக்கும். அதன் சத்தம் கொஞ்சம் மெத்தென்று, பாடுகிறவளுக்கு இடம் விட்டு ஒலிக்கும். ஸ்டீல் அப்படியல்ல, என் குரல் இருக்கிற உயரத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் சும்மா வாயசைப்பது மாதிரி இருக்கும்.

குழு நடத்தியவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "இன்னாம்மா, உன் குரலு ரொம்பக் கம்மியா இருக்குது. வடக்கனந்தல் கல்யாணத்துலயும் இப்படியே இருந்துச்சுன்னா, அப்புறம் சேலத்துலேர்ந்து ஒரு பொண்ணைக் கூட்டியாந்துடுவேன். தப்பா நெனச்சுக்காத" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, பொண்டாட்டி வேணுமா, ஸ்டீல் கம்பி வேணுமா?"

"ரெண்டும் இருந்துட்டுப் போவுது" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சேலத்துக்குப் போய் நிக்கல் செட் வாங்கிவர ஒத்துக்கொண்டார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம், சின்னசேலத்துக்கே பஸ் இல்லையாம். அந்தச் சேலத்துப் பெண்ணும் வரமுடியாதே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஆனால் ரோடு என்றைக்காவது திறந்துவிடுமே.

கிடாரில் இருந்த பழைய ஸ்டீல் கம்பி அழுக்கேறி அப்போதுதான் மந்தமாகத் தொடங்கியிருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கச்சேரிக்காரர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. செத்துப்போன கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அழுக்கு விட்டு, பழைய கூர்மை திரும்பும். என் வீட்டு மகராசன் அதை என் ரசச் சட்டியிலேயே போட்டார். கேட்டால், "தொழில்னு ஒண்ணு இருக்குல்ல" என்கிறார். துடைத்து மாட்டித் தட்டியபோது வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

போராட்ட சமயத்தில் ராத்திரியில் கூட்டம் சேரவேண்டாம் என்று வடக்கனந்தல் கல்யாண வீட்டார் கச்சேரியைப் பகலுக்கு மாற்றியிருந்தார்கள். முதல் பாட்டிலேயே என் குரல் காணாமல் போனது. குழு நடத்தியவர் மேடைக்குக் கீழே நின்று, கேட்கவில்லை என்று காதில் கைவைத்துக் காட்டினார். இவர் அதைப் பார்த்துவிட்டார். சத்தத்தைக் குறைத்தார், கூர்மை குறையவில்லை. கிடாரில் அதற்கென்று இருக்கும் டோன் குமிழ் எப்போதோ கெட்டுப்போயிருந்தது.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் என் பக்கத்தில் வந்தார். கல்யாணத்துக்குப் போகிறோமே என்று நான் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலை வாரியிருந்தேன். அத்தனை ஜனமும் பார்க்க, என் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்து, அந்த எண்ணெயை ஆறு கம்பிக்கும் மேலிருந்து கீழ்வரை பூசினார். பந்தலே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கம்பி அடங்கிவிட்டது. அவர் மெதுவாகத் தட்ட, நான் பாடினேன். முன்வரிசையில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். அவருக்கு ஒரு விசில்கூட வரவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் குழு நடத்தியவர், "சேலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயே பாடும்மா" என்றார்.

வெயிலில் சைக்கிளில் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்திருந்த நான், "விசில் இல்லாமப் போச்சேன்னு வருத்தமாங்க?" என்று கேட்டேன்.

"அதை வுடு. ஒரு வருசமா உன் பக்கத்துலயே நின்னு வாசிக்கிறேன். இன்னிக்கித்தான் நீ பாடறது என் காதுல வுழுந்துச்சு" என்றார்.

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.