காந்த வளையத்தில் ஓர் அம்புக்குறி

திருப்பதி ஆய்வகத்தில், பிளாஸ்மா முடுக்கியிலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றையைக் குவிக்க ஒரு கையடக்கக் காந்த வளையம் செய்தோம். காந்தத் துண்டுகளில் திசை காட்டும் அம்பை நான் வரைவேன். அதைப் பார்த்து ஒப்பந்த ஊழியர் டேவிட் அண்ணன் பொருத்துவார்.

சோதனையில் கற்றை குவியாமல் சிதறியது.

"அண்ணன்தான் ஒண்ண மாத்தி வெச்சிட்டாரு," என்று மேலாளரிடம் சொன்னேன்.

"குறி பாத்துதான் வெச்சேன் சார்," என்றார் அவர். யாரும் நம்பவில்லை. அவருக்கு வேலை போயிற்று.

மறுநாள் வளையத்தைப் பிரித்தேன். ஒரு துண்டில் நான் வரைந்த அம்பு தலைகீழாக இருந்தது. அதை அழித்துவிட்டுச் சரியாக வரைந்தேன்.

பிறகொரு நாள் சித்தூர் பேருந்து நிலையத்தில் அவரே வந்து பேசினார்.

"ரிங்கு சரியாப் போச்சா சார்? எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் யோசிச்சிக்கினே இருக்கறேன்."

"சின்னத் தப்புதான்ணே," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் யோசிப்பதாவது நின்றிருக்கும்.