பவர் இல்லாத கண்ணாடி

எனக்குக் கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது. இன்றைக்கும் சாயங்கால வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். ஆனால் ஆறாம் வகுப்பு படித்த வருஷத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தேன். தடித்த கறுப்பு ஃபிரேம், மூக்கை விட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும். அதில் பவர் இல்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

அது வந்த கதையைச் சொல்வதென்றால் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல நாக்கு கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். அவர் அப்பாவின் அக்காள் புருஷன். குறிஞ்சிப்பாடியில் அரிசி மில் வைத்திருந்தார். சிதம்பரம் கீழவீதியில் இருந்த எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவர் வந்து உட்காராமல் நடக்காது. அவர் பையனுக்குத்தான் என் அக்காவைக் கொடுப்பதாகப் பேச்சு. அவர் வந்தால் சாப்பிட்டுவிட்டு மாடி அறையில் படுப்பார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார். அந்த அறையில் அவர் எனக்குச் செய்ததை இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதினால்தான் நம்புவேன் என்கிறவர்கள் நம்பாமலே போகட்டும்.

நான் சாப்பிடுவதை விட்டேன். படுக்கையை நனைத்தேன். அம்மா முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள். பிறகு ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்து அம்மாவை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அம்மா என்னை அடிக்கவில்லை, பொய் சொல்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அவளை இன்றைக்கும் முழுசாக வெறுக்க முடியாமல் கிடந்து தவிக்கிறேன்.

டாக்டர் கொடுத்த விலாசம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தது. என்னைப் போல அடிபட்ட பிள்ளைகளிடம் பேசிப் பேசித் தேற்றுகிற ஒருவர் அங்கே இருந்தார். கடலூர் அக்கா என்றுதான் நான் சொல்வேன். சனிக்கிழமைதோறும் வரச் சொன்னார். சனிக்கிழமைதோறும் தாயும் மகளும் பஸ் ஏறினால் எங்கள் தெரு சும்மா விடுமா? கண் டாக்டரிடம் போகிறோம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவிடமும் அதேதான்.

"யாரு கேட்டாலும் கண்ணு மங்கலா தெரியுதுன்னு சொல்லு. அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டு குத்துதான். அப்புறம் அக்கா கல்யாணம் என்னாவறது?" என்றாள். கண் டாக்டரிடம் போகிற பிள்ளைக்குக் கண்ணாடி இல்லையென்றால் எப்படி? பொய்யானாலும் அம்மா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

கண்ணாடி வந்ததும் எனக்கு மவுசு கூடிவிட்டது. டீச்சர் முன் பெஞ்சுக்கு மாற்றினார். எதிர்வீட்டு அம்மா கேரட் தின்னச் சொன்னாள். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியின் பக்கத்தில் போய் உட்காராதே என்று போகிற வருகிறவர்களெல்லாம் புத்தி சொன்னார்கள்.

கடலூர் அக்கா முதல் நாள் கேட்டது, "கதவ சாத்தட்டுமா, தொறந்தே இருக்கட்டுமா?" பெரியவர்கள் யாரும் அதுவரை என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. திறந்தே இருக்கட்டும் என்றேன். வாராவாரம் கேட்டார். ஒரு சனிக்கிழமை நானே எழுந்துபோய்ச் சாத்தினேன். களிமண் பிசைந்துகொண்டே பேசுவோம். ஒரு விளையாட்டும் உண்டு. கைகுலுக்க அவர் கையை நீட்டுவார். எனக்கு இஷ்டமில்லையென்றால் 'வேணாம்' என்று சொல்ல வேண்டும். முதலில் குரலே எழும்பவில்லை.

"எனக்குக் கேக்கல பாப்பா. தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லு பாப்போம்."

கத்துவேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சிரிப்பார். வேண்டாம் என்றால் கை திரும்பிப் போகும் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. படுக்கை நனைவது நின்றது. திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வருவதற்குள் பசிக்கிறது என்பேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முறுக்கு வாங்கித் தருவாள்.

அம்மாவிடமும் அவர் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "பாப்பாவோட அப்பாகிட்ட சொல்லுங்கம்மா. அந்த ஆளு வீட்டுக்கு வந்து போய்ட்டிருந்தா நான் இங்க என்னா செஞ்சும் பிரயோஜனம் இல்ல." கல்யாணம் முடியட்டும் என்பாள் அம்மா. மாமா வருகிற அன்றைக்கு என்னை எதிர்வீட்டில் கொண்டுபோய் விடுவாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

கண் மங்கல் சேதி குறிஞ்சிப்பாடிக்கும் போனது. எப்போதாவது வந்துகொண்டிருந்த மாமா பொன்னாங்கண்ணிக் கீரைக் கட்டோடு வாராவாரம் வர ஆரம்பித்தார். புள்ள கண்ணுக்கு நல்லது, நம்ம கொல்லையில பறிச்சது என்பார். அம்மா சொன்ன பொய் அவருக்கே வாசலைத் திறந்துவிட்டது. அப்பா கேட்பாரே என்று அம்மா அதை ஆய்ந்து கூட்டு வைத்து என் தட்டில் போடுவாள். கடவுளே, அந்தக் கீரையையும் தின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அத்தையும் மாமாவும் வந்துவிட்டார்கள். என்னை எதிர்வீட்டுக்கு அனுப்ப அம்மாவுக்கு நேரமில்லை. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். "வாடி கண்ணாடிக்காரி, எவ்ளோ பவருன்னு மாமா பாக்கறேன்" என்று கையை நீட்டினார்.

"வேணாம்" என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கை திரும்பிப் போனது. நிஜமாகவே போனது! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அப்பா எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். "பெரியவங்ககிட்ட இப்டியா பேசுவ? எவ சொல்லிக் குடுத்தா?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எம் புருஷன் கீரையத் தூக்கிட்டு நாயா அலையறாரு. இந்த வூட்லதான் பொண்ணு எடுக்கணும்னு எங்களுக்கு என்னா தலையெழுத்தா?" என் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மாமா மட்டும் சிரித்தார். "வுடு மச்சான், சின்னப் புள்ள" என்றார்.

அந்தச் சனிக்கிழமை தலைபின்னிக்கொண்டு தயாராக நின்றேன். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "இனிமே போவ வேணாம். உனக்குச் சரியாயிடுச்சு" என்றாள். என் கண்ணாடியைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தாள். தெருவுக்கும் அப்படியே சொன்னாள். கடலூர் அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் சரியாகிவிட்டதென்பது நல்ல சேதிதானே என்று தேற்றிக்கொண்டேன்.

அடுத்த முகூர்த்தத்தில் அக்காவுக்குப் பூ வைத்தார்கள். வீடு கொள்ளாத ஜனம். பட்டு வேட்டியில் நடுவாந்தரமாக உட்கார்ந்திருந்த மாமா, தன் கீரையால்தான் பிள்ளைக்குக் கண் சரியானது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கையைப் போட்டார். "இப்ப நல்லா தெரியுதாம்மா?" கூடமே என்னைப் பார்த்தது. அம்மா தாம்பாளத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"தெரியுது மாமா" என்றேன். அம்மா மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் விழித்தபோது படுக்கை நனைந்திருந்தது. அந்தப் பழைய பயம் அப்படியே இருந்தது. அம்மா ஊரிடம் பொய் சொல்வாள், என்னிடம் சொன்னதில்லை. அவள் சரியாகிவிட்டது என்றால் சரியாகித்தான் இருக்க வேண்டும். அப்புறமும் பயம் வருகிறதென்றால் நான்தான் ஏதோ தப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. போர்வையை அலசிப் பிழிந்து, அம்மா கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கொல்லைச் சுவரின் அந்தப் பக்கம் காயப்போட்டேன். தெரிந்தால் அவள் மனசு உடைந்துபோவாளே என்று.