அக்காவின் மூக்கும் என் லாவெண்டர் தைலமும்

அக்காவின் இடக்கண்ணில் புரை முற்றியிருந்தது; வலக்கண்ணிலும் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அறுவைக்குக் குறித்த நாளில் குருதியழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டி நின்றதால், கோவை மருத்துவமனையினர் இருமுறை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டனர். மருத்துவர் மாத்திரையைச் சற்றே கூட்டி எழுதினார். மனத்தை அமைதியாக வைத்துக்கொண்டு பத்து நாள் கழித்து வருமாறு கூறினார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து மீண்டும் அலைய வேண்டாமென்று அவளை என் வீட்டிலேயே தங்கவைத்தேன். அவளுக்கு அகவை எழுபத்து நான்கு. நான் அவளுக்கு மூன்றாண்டு இளையவன்.

அவள் முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பட்டுப்புழு வளர்ப்பவள். கூடு கட்டும் பருவம் எய்திய புழுவின் உடலில் மெல்லிய மஞ்சள் ஒளி ஊடுருவித் தெரியும். அதனைப் பழுத்த புழு என்பார்கள். பழுத்தவற்றை அன்றைக்கே கண்டு பொறுக்கிக் கூடு கட்டும் தட்டில் விடவேண்டும். சென்ற முறை அவள் பொறுக்கியவற்றுள் பாதி பழுக்காதவை. மகன் ஒரு சொல்லும் சொல்லாமல் அவற்றை மீண்டும் தழையில் எடுத்து விட்டானாம்.

"அவன் நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூடத் தேவலை தம்பி" என்றாள். "பேசாம எடுத்து உட்டான் பாரு, அதுதான் தாங்கலை. கண்ணு சரியாகலீன்னா, இனி நான் அங்க எதுக்கு?"

அவளுடைய அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மூப்படைந்தோரின் மனவிறுக்கத்தை நறுமணம் தணிக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்த நினைவு அப்போது எழுந்தது. கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் நான். படித்ததை உடனே செயற்படுத்த வேண்டும் என்னும் குறை என்னிடம் உண்டு. கடைவீதிக்குச் சென்று லாவெண்டர் தைலமும், அதனை ஆவியாக்கிப் பரப்பும் சிறு மின்கருவியும் வாங்கி வந்தேன். அக்காவின் தலைமாட்டில் அதை இருத்தி, நறுமணத்தின் பயன்களைக் கால்மணி நேரம் விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாருக்குது தம்பி" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் வீட்டிலிருந்த குருதியழுத்தக் கருவி நூற்றெழுபத்திரண்டு காட்டியது. நான்காம் நாள் நூற்றெண்பத்து நான்கு. தைலம் போதவில்லை போலும் என்றெண்ணி இன்னும் நான்கு துளி சேர்த்தேன். இரவில் உறக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது என்பாள். ஆனால் விடியுமுன்பே மாடி முகப்பில் நாற்காலியைப் போட்டு, முந்தானையை மூக்கருகே பிடித்தபடி அமர்ந்திருப்பாள். காற்று வாங்குகிறாள் என்று நான் கருதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை என் மனைவி தலையில் மல்லிகை சூடி, காப்பித் தம்ளரோடு அக்காவின் அறைக்குள் நுழையப்போனாள். அக்கா சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"பூவ எடுத்து வெளிய வெச்சுப்போட்டு வா அம்மணி!"

சொன்ன மறுநொடியே நாவைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "அட, நான் ஒருத்தி! பழக்கத்துல வந்துபோச்சு. நீ வா கண்ணு."

அவள் சிரித்தாலும், நீட்டிய கையை இன்னும் மடக்காததை என் மனைவி கண்டுவிட்டாள். பூவைக் கழற்றி வாயில் நிலையில் வைத்துவிட்டு அக்காவின் அருகில் போய் அமர்ந்தாள். "நங்கையா, நெசத்தச் சொல்லுங்க. புழு ஊட்டுக்குள்ள பூ ஆகாதுங்களா?"

"பூ ஆகாது, பவுடர் ஆகாது, ஊதுபத்தி ஆகாது, கொசுவத்தி ஆகவே ஆகாது. கல்யாணமாயி வந்த மருமகளையே, பூவ எடுத்துப்போட்டுக் கைகால் கழுவிட்டு வான்னு வாசல்ல நிறுத்தியிருக்கறேன். வாசம் ஏறுனா புழு தழை திங்காது அம்மணி."

என் மனைவி தலைமாட்டுக் கருவியைப் பார்த்தாள். பின்னர் கதவருகே நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் வெளங்குதுங்களா? முப்பது வருசமா வாசமே ஆகாதுன்னு இருந்தவங்க தலைமாட்டுல, ராவும் பகலும் செண்டு வாசத்த ஊதிட்டிருக்கறீங்க. அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? பாடம் எடுத்தீங்க, முடிச்சீங்க, வந்துட்டீங்க."

"அவன ஏன் அம்மணி வையறே? ஆசையா வாங்கி வெச்சிருக்கறான். வந்த ஊட்டுல இது ஆகாது அது ஆகாதுன்னா நல்லாவா இருக்கும்?" என்று அக்கா எனக்காக வாதாடினாள். பிறகு, சற்றுத் தாழ்ந்த குரலில், "கண்ண மூடுனா, புழு ஊட்டுக்குள்ள யாரோ செண்டு போட்டுட்டு வந்து நிக்கற மாதிரியே இருக்குது. நெஞ்சு அடிச்சுக்குது. இங்க புழு இல்லீன்னு எனக்குத் தெரியுது, நெஞ்சுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள்.

கருவியின் இணைப்பைப் பிடுங்கி எடுத்தேன். சன்னல்களைத் திறந்தோம், திரைகளையும் போர்வைகளையும் துவைக்கப் போட்டோம். அன்று நண்பகலில் அக்கா மூன்று மணி நேரம் அயர்ந்து உறங்கினாள்.

பெருமைக்குரிய மூக்கு அவளுடையது. காலையில் புழுமனைக் கதவைத் திறந்தவுடனே, எந்த அடுக்கில் தழை புழுங்கிக் கிடக்கிறது, எந்த அடுக்கில் நோய் தொடங்குகிறது என்பதை விளக்குப் போடாமலே சொல்லிவிடுவாள் என அவள் மகன் பலமுறை வியந்து கூறியிருக்கிறான். நறுமணம் இல்லாமையையே நலத்தின் அடையாளமாகப் பயின்ற மூக்கு அது. உலகத்து முதியோர்க்கெல்லாம் ஒரே மணம் அமைதி தரும் என்று நம்பிய நான், அருகிலிருந்த ஒருத்தியின் வாழ்க்கையைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

ஞாயிறன்று அவள் மகன் வந்தான். என் மனைவி தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, ஈரச் சாக்கில் ஒரு கட்டு முசுக்கொட்டைத் தழை கொண்டுவந்தான். அக்கா ஓர் இலையைக் காம்போடு ஒடித்து, கசிந்த பாலை முகர்ந்தாள். முகம் சுளித்தது.

"ஏன்டா, இது நேத்துச் சாயங்காலம் அறுத்த தழைதானே? வெடியால அறுக்கறதுக்கு என்ன கேடு உனக்கு?"

"அம்மா, இது நீ மோந்து பாக்கறதுக்கும்மா. புழுவுக்கில்ல."

"மோந்து பாக்கறவளுக்குன்னா வாடுன தழையா?"

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் சிரிக்காமல் கட்டைப் பிரித்து, முற்றியதை வேறு, இளந்தழையை வேறு என்று மடியில் போட்டுப் பிரித்தாள். புரை மறைத்த கண்ணுக்குத் தெரியாததை விரலும் மூக்கும் சொல்லின. ஒரு வாரமாக இறுகிக் கிடந்த அவள் தோள்கள் தளர்ந்து இறங்கியதை நான் கண்டேன். அந்தப் பச்சை மணம் அவளை அமைதிப்படுத்தியதா, அல்லது மகனை அதட்டும் உரிமை மீண்டும் கிடைத்ததால் அமைதி வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. மருத்துவர் கூட்டிய மாத்திரையின் பங்கையும் நான் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் குருதியழுத்தக் கருவி நூற்றைம்பத்தாறு காட்டியது. அதற்கு மறுநாள் நூற்று நாற்பத்தெட்டு.

குறித்த நாளில் மருத்துவமனைக்குப் போனோம். செவிலி அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். நான் கருவியின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவோ கண்களை மூடி, மூச்சை ஆழ இழுத்தாள்.

"நூத்தி நாப்பத்தாறு. உள்ள போலாம் பாட்டி."

அறுவை முடிந்த மறுநாள் கண்கட்டைப் பிரித்தார்கள். அக்கா சிமிட்டிச் சிமிட்டி அறையைப் பார்த்தாள்; பிறகு என் முகத்தருகே குனிந்தாள்.

"ஏன் தம்பி, உனக்கு இத்தன நரைச்சுப்போச்சா? நான் பாக்காமயே இருந்துட்டனே!"

தூசியும் ஈரமும் படாமல் ஒரு மாதம் கண்ணைக் காக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். அக்கா விரல்களை மடக்கி நாள்களை எண்ணினாள்.

"அப்படின்னா இந்தத் தடவப் புழு எனக்கில்ல. அடுத்த புழு பழுக்கறப்ப நான் போயிரலாமுங்களா?"

தாராளமாகப் போகலாம் என்றார் மருத்துவர்.