குழந்தைக்காகப் பிரித்துக்கொண்ட பாடங்கள்

என் நாத்தனார் பொருளாதாரத்தை விரும்பித்தான் எடுத்தாளா? நான்கு வருடமாகியும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அவள் என் கணவரின் தங்கை. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஒரே வீட்டில் இருந்தோம். புக்கிட் தெங்காவில் ஒரே தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய் வந்தோம். இருவருமே பள்ளிப் படிப்பை ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், நிறுத்தியவர்கள். அரசாங்கத்தில் உதவி நிர்வாக அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்க, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத் தேர்வில் தேற வேண்டும். போட்டியில் வெறும் தேர்ச்சி போதாது, நல்ல புள்ளியும் வேண்டும். பள்ளிக்குப் போகாமல் சொந்தமாகப் பதிந்து எழுதுவது என்று இருவரும் முடிவெடுத்தோம். அப்போது என் மகளுக்கு நான்கு மாதம்; நான் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருந்தேன். புட்டியைத் தொடமாட்டாள், பசித்தால் நான்தான் வேண்டும்.

பொதுப் பாடமும் வரலாறும் இருவருக்கும் ஒன்றே. அந்த நாள்களில் கணவர் விடுப்பு எடுத்துக் குழந்தையோடு, தேர்வு நடக்கும் பள்ளி வாசலில் நிற்பதாக ஏற்பாடு. அதோடு அவர் விடுப்பு தீர்ந்துவிடும். விருப்பப் பாடமும் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் மண்டபத்துக்குள் இருப்போம். குழந்தையை யார் பார்ப்பது? ஆகவே ஆளுக்கொரு பாடம் எடுப்பதென்று முடிவானது. ஐந்தாம் படிவத்தில் தமிழில் இருவருமே நல்ல புள்ளி வாங்கியவர்கள். ஆனால் நான் பேசி முடிப்பதற்குள் அவள் தன் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிவிட்டாள்.

“அண்ணி, நீங்க தமிழ் எடுங்க. எனக்கு எக்கோனமிதான் பிடிக்கும்லா.”

“எப்பலேர்ந்து?”

“இன்னிக்குக் காலைலேர்ந்து.”

சிரித்துவிட்டேன். அப்போதே அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

என் தமிழ்த் தேர்வு நாளில் வெயில் கொளுத்தியது. மூன்று மணி நேரம் கழித்து, மார்பு கனத்து வலிக்க, வெளியே ஓடி வந்தேன். சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள். தோளில் அழுது ஓய்ந்த என் மகள். இன்னொரு கையில் என் செய்யுள் புத்தகம். குழந்தைக்குத் தாலாட்டுப் போல அதை ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தைப் பார்க்காமலே. “பாப்பாவும் பரீட்சைக்கு வந்திருக்கா?” என்று பள்ளி வாசல் காவலர் அண்ணன் கேலி செய்தார். “அவ பாஸாயிட்டா அண்ணே, அவங்கம்மாவத்தான் கேக்கணும்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மனப்பாடம் செய்யத் திணறிய செய்யுள் அது.

எனக்கு நல்ல புள்ளி வந்தது. எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டி இரண்டு வருடமாக அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறேன். அவளுக்குப் பொருளாதாரம் மட்டும் காலை வாரியது. இன்னும் அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள்.

போன வாரம் மறுபடி எழுதப்போவதாகச் சொன்னாள். இப்போது குழந்தையைக் காரணம் சொல்ல முடியாது. மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். “இந்தத் தடவ தமிழ் எடு. என் குறிப்பெல்லாம் அப்படியே வச்சிருக்கேன்” என்றேன்.

“எக்கோனமியேதான் அண்ணி. எங்க விட்டேன்னு எனக்கு இப்பத் தெரியும். தோத்த பாடத்த ஜெயிக்காம எனக்குத் தூக்கம் வராது. நான் விட்டுக்கொடுத்தேன்னு நெனச்சு அழணும்னா நீங்க தனியா அழுங்க.”

அவள் குரலில் தயக்கமே இல்லை. தயக்கமெல்லாம் என்னிடம்தான். பிடிவாதமா, மறுபடியும் எனக்காக மறைக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் தேறுவாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே இந்தத் தேர்வை இரண்டாம் முறை எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். தவறிய பாடத்தையே எடுத்து நல்ல புள்ளி வாங்க முடிந்ததா? அல்லது, கைவந்த பாடத்துக்கு மாறச் சொல்லி நான் இன்னொரு முறை வற்புறுத்தலாமா? என் மன உறுத்தலை ஒதுக்கிவிட்டு, அவள் புள்ளியை மட்டும் நினைத்துச் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் அவள் விண்ணப்பப் படிவம் போய்ச் சேர வேண்டும்.