அப்பாவின் பிறப்பிடமும் எங்கள் வதிவிடமும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதல் பக்கத்தில் அப்பாவின் பிறந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரியை அச்சில் ஏற்ற எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. சோம்பல் காரணமல்ல, பயந்தான் காரணம்.

நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். நினைவு மலர் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கமல்ல. எங்களில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் சோறு போடுவோம், ஊருக்கு ஒரு கடிதம் எழுதுவோம், அதோடு சரி. மலர் போடுவது யாழ்ப்பாணத்தாரின் வழக்கம். வெள்ளவத்தையிலிருந்து மாதம் இரண்டு குடும்பமாவது எங்கள் அச்சகத்துக்கு வரும். எல்லா மலரும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று வரும். அந்த வரியை நாங்கள் கலைப்பதே இல்லை. கட்டியபடியே ஒரு தட்டில் வைத்திருப்போம். ஊரையும் பெயரையும் மட்டும் எடுத்துவிட்டு வேறு ஊரையும் பெயரையும் வைப்போம்.

அந்த வரியை எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறேன். அதில் எங்கள் ஊர்ப் பெயரை வைத்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பிறந்தது ஓரிடம், வாழ்ந்தது ஓரிடம் என்று சொல்லிக்கொள்வது அவர்களுக்குப் பெருமை. எங்களுக்கு அது வாக்குமூலம்.

அப்பா திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பதினைந்து வயதில் தம் தாய்மாமனோடு புறப்பட்டு, மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, அம்மை குத்திக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கி, கொழும்புக்கு ரயிலேறினார். கொழும்பில் சர்க்கார் வேலைத்தலம் ஒன்றில் இரும்பு தூக்கும் நாட்கூலி ஆளாகச் சேர்ந்தார். பின்னாளில் யாராவது பத்திரம் கேட்டால் சட்டைக் கையை மடக்கி, தோளுக்குக் கீழே இருக்கும் அம்மைத் தழும்பைக் காட்டுவார். "இதாம்வே எம் பத்திரம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு கடைசி வருடங்களில் நின்றுபோயிற்று.

அதே வேலைத்தலத்தில், அதே வருடம், வடக்கேயிருந்து ரயிலில் ஓர் இளைஞர் வந்து எழுத்தராகச் சேர்ந்தார். அவரை அப்பா கடைசிவரை 'கிளாக்கர் ஐயா' என்றார். நாங்கள் வெள்ளவத்தை மாமா என்போம். இருவரும் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர்கள், ஒரே முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் மாமா பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தார். அப்பா மாடு மேய்த்துவிட்டு வந்தார். மாமாவுக்கு மேசை, பென்ஷன், பிறகு காலி வீதிக்கு அருகே ஓட்டு வீடு. அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று சொல்லும் கூலிக் குடியிருப்பில், ஒரு முற்றத்தைச் சுற்றியிருந்த பத்து அறைகளில் ஓர் அறை. எங்கள் ஆட்களிலும் செட்டித்தெருவில் கடை வைத்துச் செழித்தவர்கள் உண்டு, அவர்கள் ஆட்களிலும் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. நான் பெரும்பான்மையைச் சொல்கிறேன். ஆங்கிலம் ஒன்றே இவ்வளவுக்கும் காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அது முழுக் காரணமல்ல என்று பிறகு தெரிந்தது.

இரு வீட்டிலும் ஒரே வழக்கம் இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மாமி யாழ்ப்பாணம் போனார். அம்மா கடல் தாண்டிப் போனார். இரண்டு மாத இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணும் திருநெல்வேலிச் சீமையில் நானும் பிறந்தோம். அந்தப் பெண் தன் பிறந்த பத்திரத்தைக் காட்டி இன்று சர்க்கார் பள்ளியில் ஆசிரியை. அவளுடைய பத்திரத்திலும் கொழும்பு என்று இல்லை. ஆனால் அவளுடைய ஊருக்கும் கொழும்புக்கும் இடையில் கடல் இல்லை.

எனக்குப் பிறகு தம்பி சண்முகம் பிறந்தான். இரண்டாம் பிரசவம் என்பதால் அம்மா ஊருக்குப் போகவில்லை. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தான், அப்பா முறைப்படி பதிந்து பத்திரம் வாங்கினார். ஆறாம் மாதம் பிள்ளையைக் குலதெய்வத்துக்குக் காட்ட அம்மா எங்கள் இருவரையும் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே காய்ச்சல் கண்டு தம்பி இறந்தான். அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்பினார். ஊரில் நடந்த சாவு கொழும்புப் பதிவில் ஏறவில்லை. பத்திரம் அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது. சர்க்காரைப் பொறுத்தவரை சண்முகம் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

பிறகு என் தங்கைகள் இருவரும் கடைசித் தம்பியும் இங்கேயே பிறந்தார்கள். பிள்ளைகளில் கொழும்புப் பத்திரம் இல்லாதவன் நான் ஒருவனே.

எனக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது நாட்கூலி இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பும் கடிதங்கள் வரத் தொடங்கின. அப்பாவோடு இரும்பு தூக்கியவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். அப்பாவுக்குச் சேவைக்காலம் அதிகம் இருந்ததால் கடிதம் வரவில்லை. ஆனால் அது வராத ஒவ்வொரு நாளும் அவர் அதை எதிர்பார்த்தே வீடு திரும்பினார். தபால்காரர் முற்றத்தில் மணி அடித்தால் கையிலிருக்கும் சோற்றைத் தட்டில் போட்டுவிடுவார். அவர் அடுத்த அறைக்குப் போன பிறகுதான் மறுபடி கை வைப்பார்.

அந்தச் சமயத்தில் அதே வேலைத்தலத்தில் தொழில் பழக இளைஞர்களை எடுத்தார்கள். கொழும்பில் பிறந்த பத்திரம் வேண்டும் என்றார்கள். அப்பா தகரப் பெட்டியைத் திறந்தார்.

மாமாதான் எங்களைக் கோர்ட்டும் வக்கீல்களும் இருக்கும் புதுக்கடைக்குக் கூட்டிப்போனார். ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிப்பது இங்கே அன்றாடம் நடப்பது. இருபத்தொரு வயது ஆகாதவனுக்குத் தகப்பன் கையெழுத்தும் ஒரு சாட்சியின் கையெழுத்தும் போதும், அதற்குப் பிறகு அவனே போடலாம். சாட்சி மாமா. ஒரு எழுத்துப் பிழைக்குக் கூட மனம் பொறுக்காத மனிதர் அவர். வழியில் அப்பா தயங்கி நின்றபோது சொன்னார்: "அண்ணை, யோசிக்காதையுங்கோ. என்ர பிள்ளையும் தாய்வீட்டிலதான் பிறந்தவள். உங்கட பிள்ளை செய்த பிழை என்ன? நான் கையெழுத்து வைக்கிறன்."

புரக்டர் வக்கீலின் எழுத்தர் கடதாசியை உரக்க வாசித்தார். மேற்படி பத்திரத்தில் கண்ட சண்முகமும் இங்கே நிற்கும் சுப்பையாவும் ஒருவரே என்று இருந்தது. அப்பா பேனாவைக் கையில் வாங்கினார். பிறகு கேட்டார்: "அப்போ, இனிமே ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளுதானா?"

"ஓம், ஒரு ஆள்தான். அதுக்குத்தானே கடதாசி?" என்றார் வாசித்தவர்.

அப்பா பேனாவை மெல்ல மேசையில் வைத்தார். "இன்னைக்கு வேண்டாம்" என்றார்.

திரும்பி வரும்போது திறாம் வண்டியில் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? "செத்தவனுக்கு எதுக்குப்பா பத்திரம்?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எனக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னார்: "ஒங்க அம்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம அவனுக்கு ஒரு வெளக்கு ஏத்துதா. நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்து அந்த வெளக்க என்ன செய்யச் சொல்லட்டும்?" அந்த வேலையும் போயிற்று. பத்திரம் கேட்காத அச்சகத்தில் எழுத்துப் பொறுக்கப் போனேன்.

அப்பா அந்தப் பத்திரத்தைக் கிழித்துப்போடவும் இல்லை. பிறகும் இரண்டு முறை புதுக்கடை வாசல்வரை போய் இன்னைக்கு வேண்டாம் என்று திரும்பினார்.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது கொழும்பு பாதி காலியாயிற்று. மாமா குடும்பத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார், சில மாதத்தில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். எங்கள் தோட்டத்திலும் பலர் ஊருக்கு ஓடினார்கள். அம்மா அழுதார்: "ஏங்க, பிள்ளைகள எடுத்துக்கிட்டு நாமளும் போயிருவோம். இங்க கெடந்து சாகவா?" அப்பா மறுத்தார். "போனா, எனக்குச் சர்க்கார் வேல இருக்குன்னு எல்லாரையும் திரும்ப விடுவான். பத்திரம் இல்லாத வளந்த பய இவன மட்டும் விடமாட்டான்" என்று என்னைக் காட்டினார். துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், என் ஒருவனுக்காக, ஆறு பேரும் இருந்தோம். அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் அப்பா தங்கைகளையும் தம்பியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஓடிப்போன குடும்பங்களில் சில இன்றுவரை திரும்பவில்லை.

அப்பா குடித்தவரல்ல. கைநீட்டி எங்களை அடித்தவரல்ல. முற்றத்தில் யார் வீட்டில் சாவென்றாலும் முதலில் போய்ப் பந்தற்கால் பிடித்தவர். வேலைத்தலத்தில் இரும்பு சரிந்தபோது ஒரு சிங்கள இளைஞரை இழுத்துக் காப்பாற்றி, தம் இரண்டு விரலை இழந்தவர். அப்படிப்பட்டவர் காக்கிச் சட்டைக்காரரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்ததுண்டு. அந்தப் பயம் முழுவதும் எனக்காக என்று தெரிந்தும் வெட்கப்பட்டேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைசி மூன்று மாதம் மூச்சு முட்டிப் படுக்கையில் இருந்தார். ஒருநாள் காலை தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சண்முகத்தின் பத்திரத்தை என் கையில் வைத்தார்.

"நான் கையெழுத்துப் போடல. நீ போடணும்னா போட்டுக்கோ. கிளாக்கர் ஐயா வருவாரு."

"இப்ப எதுக்குப்பா அது?"

"பயமா இருக்குல. ஒன்னய அனுப்பிருவானோன்னும் பயமா இருக்கு. சண்முகம் இல்லாமலே போயிருவானோன்னும் பயமா இருக்கு."

மறுவாரம் அப்பாவின் உயிர் பிரிந்தது. மகன் என்ற முறையில் கொள்ளி வைத்தேன். மரணத்தைப் பதிந்தவர் அப்பா பிறந்த இடம் எது என்று கேட்டார். அங்கேயும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லப் பயந்தேன்.

இன்று எங்கும் ஒரே பேச்சு. வெள்ளைக்காரன் போகப்போகிறான், அவன் போன பிறகு யார் இந்த நாட்டார், யார் அந்நியர் என்று சட்டம் வரும் என்கிறார்கள். எந்தப் பத்திரம் கேட்பார்கள், யாருடையதைக் கேட்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த மலரைப் பற்றிச் சொன்னதும் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பொறந்த ஊர மட்டும் போடாதல. நாளைக்கு இதையே கொண்டாந்து ஒம் மூஞ்சில காட்டுவான்." அவர் சொன்னது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாமா போன மாதம் எங்கள் அறைக்கு வந்தார். பென்ஷன் எடுத்துவிட்டார், கண்ணும் மங்கல். "தம்பி, நேரம் போகுது. இப்பவெண்டாலும் கடதாசியை முடிப்பம்" என்றார்.

"உங்களுக்கு ஏன் மாமா இந்தத் தொல்லை?"

"தொல்லையே? இண்டைக்கு உங்களைக் கேக்கிறவன் நாளைக்கு எங்களைக் கேக்கமாட்டான் எண்டு என்ன நிச்சயம்? எனக்கும் பயந்தான் தம்பி. நான் வெளியில சொல்லுறேல்லை."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் பகல், அச்சகத்தில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கட்டியே வைத்திருக்கும் அந்த வரியைத் தட்டிலிருந்து எடுத்தேன். யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றைக் கழற்றி, எங்கள் ஊரை எழுத்தெழுத்தாக வைத்தேன். வெள்ளவத்தையை எடுத்துவிட்டுக் கொட்டாஞ்சேனையை வைத்தேன். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர் வரிசையில் நான்கு பெயர் கோத்திருந்தேன். அதை அவிழ்த்து ஐந்தாக்கினேன்.

பிழை பார்க்க மாமாவிடம்தான் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"சண்முகம், கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஆறாம் மாதம் ஊரில் இறந்தவன்" என்று மெல்ல வாசித்தார். "தம்பி, இது அச்சில வந்தால் அந்தப் பத்திரம் பிறகு உதவாது."

"தெரியும் மாமா."

"யோசிச்சுத்தான் செய்யிறீரோ?"

"பயந்துகிட்டுத்தான் செய்யிறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தில் விட்டுப்போன ஒரு புள்ளியை மட்டும் குறித்துத் தந்தார். புதுக்கடைக் கதையை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும். வைக்காத கையெழுத்துக்கு ஆர் என்னைப் பிடிக்கப் போறான்?" என்றார்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எந்த இடம் என்று கேட்டார், காட்டினேன். மை காயாத தாளில் விரலை வைத்து, "அவன் பேரா இது?" என்றார். விரலில் ஒட்டிய மையை அன்று கழுவவில்லை.

அப்பா நோயில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த முற்றத்துப் பெண்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், தம்மைக் காப்பாற்றிய கையைக் கடைசியாகத் தொட்டு அழ மட்டக்குளியிலிருந்து நடந்தே வந்த சிங்கள அன்பருக்கும், எங்களுக்காகத் தம் சத்தியத்தையே தர முன்வந்த வெள்ளவத்தை மாமாவுக்கும், கூலி வாங்காமல் இந்த மலரை அச்சிட்டுத் தந்த முதலாளிக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு தலை வணங்குகிறது. யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். பயந்துகொண்டே கோத்த மலர் இது.

இங்ஙனம்,
திருநெல்வேலிச் சீமையைப் பிறப்பிடமாகவும்
கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட
மூத்த மகன் சுப்பையா