சுலோச்சனா அக்கா வீட்டு மச்சைப் பார்த்த பிறகு

செய்தி வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் கணவர், பாராயணத்துக்கு வந்திருந்த ராஜி, ராஜியின் மாமியார். சனிக்கிழமை சாயங்காலம். ஐந்தாவதாக வர வேண்டியவர் சுலோச்சனா அக்கா. மணிமங்கலத்திலிருந்து பஸ் கிடைக்கத் தாமதமாகியிருக்கும் என்று நினைத்து, அவருக்கு ஒரு மணை போட்டு வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டோம். பாதியில் போன் அடித்தது. அவர் மகன் ரகு.

"ஆன்ட்டி, அம்மா மத்தியானம் சாப்ட்டு படுத்தாங்க. எழுந்திருக்கல" என்றான்.

ராஜி புத்தகத்தை மூடப் போனாள். அவள் மாமியார்தான் கையைப் பிடித்தார். "சுலோ இருந்தா என்னடி சொல்லுவா? ஆரம்பிச்சத முடிச்சிட்டு அழுன்னுதானே?" என்றார். முடித்தோம். யார் எந்த வரியைச் சொன்னோம், எதை விட்டோம் என்பது பெருமாளுக்குத்தான் தெரியும்.

நம் பாராயணக் குழுவின் மாதத் தாளில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். "நீதான் அவளுக்கு நெருக்கம், நல்லதா நாலு வார்த்தை எழுது பத்மா" என்றீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சுற்றி வளைத்து எழுத வராது. நல்லதை எழுதுகிறேன். ஆனால் துக்கத்துக்குப் போன அன்று அவர் வீட்டில் பார்த்ததை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. என் மகள் வைதேகி தலைப்பிரசவத்துக்கு வந்து படுக்க வேண்டிய அறை அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. உங்களில் சிலருடைய வீடுகளும்தான்.

அக்கா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். குளிர் கிடங்குகளுக்குச் சுவராக வைக்கும் பேனல் செய்கிற இடம். இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஃபோம் அடைத்து வரும். எங்காவது இடைவெளி இருக்கிறதா, ஓரம் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு நேரே கோயிலுக்கு வருவார். அந்த ஷூவைப் பார்த்து ராஜியின் மாமியார் ஒருநாள், "என்ன சுலோ, பெருமாள்கிட்டயும் ஓ.டி.யா?" என்று கேட்டார். "ஆமா மாமி, இங்கதான் டபுள் சம்பளம் தர்றாரு" என்றார் அக்கா. குரல் சுருதியில் நிற்காது. ஆனால் ஒரு சொல் விட்டதில்லை.

வேலையை விட்ட பிறகுதான் வீடுகளில் வெயிலையும் ஈரத்தையும் தடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தார். நம் தெருவின் பழைய வீடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல் அடுக்கிய மச்சு. சுண்ணாம்புக் காரைச் சுவர். சித்திரையில் ராத்திரிகூட மச்சு அனலாய்க் கொதிக்கும். ஐப்பசியில் சுவர் இடுப்பளவு ஓதம் ஏறி, பீரோவில் வைத்த பட்டுப்புடவை பூஞ்சை பூக்கும். எங்கள் உள் அறையில் மாட்டியிருந்த பெருமாள் படத்தின் பின்புறம் ஒவ்வொரு மழைக்கும் வெள்ளை படியும். துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துவிட்டது. அதை அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் வந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வூடும் ஒரு பொட்டிதான் பத்மா. மூடுற மாதிரி மூடினா வெயிலும் வராது, ஈரமும் வராது. நாங்க கம்பெனில தெனம் செஞ்சது இதுதான்."

என் கணவருக்கு நம்பிக்கை இல்லை. "அப்போ நாங்க இனிமே ஃபிரிட்ஜுக்குள்ள குடித்தனம் பண்ணணுமா?" என்றார்.

"ஃபிரிட்ஜுல வெச்சது எதாவது கெட்டுப்போயிருக்கா சார்? நீங்களும் நூறு வருஷம் ஃப்ரெஷ்ஷா இருப்பீங்க" என்றார் அக்கா. அவரே சிரித்துவிட்டார்.

அப்போதும் நாங்கள் தயங்கினோம். அக்கா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மணிமங்கலத்துக்கு வரச் சொல்லித் தன் வீட்டைக் காட்டினார். எங்கள் வீடு மாதிரியே பழைய வீடு. உள் அறையில் மச்சுக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ஷீட், அதன் கீழே வழவழவென்று வெள்ளை போர்டு. சுவர்களிலும் அப்படியே. ஓரங்களில் பசை வைத்து, ஓர் ஊசி நுழையாதபடி அடைத்திருந்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே கோயில் பிராகாரம் போலக் குளிர்ச்சி. "என் வீட்ல செய்யாதத உன் வீட்ல செய்ய மாட்டேன் பத்மா" என்றார். எங்களைச் சம்மதிக்க வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

பிள்ளைப்பாக்கம் தேவராஜ் மேஸ்திரியை வைத்துக்கொண்டு எங்கள் அறையை முடித்துக்கொடுத்தார். வரவு செலவு எழுதாமல் நான் படுக்கப் போகிறவள் அல்ல, அது உங்களுக்குத் தெரியும். "இவ நோட்டுக்கு பயந்து நான் ஆணியக்கூட எண்ணித்தான் அடிக்கிறேன்" என்று தேவராஜிடம் சொல்லிச் சிரிப்பார். மிஞ்சிய பசை டப்பாவைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். காசு விஷயத்தில் அவரைப் போல நேர்மையான மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை இன்றும் யார் முன்னாலும் சொல்வேன். அதனால்தான் மற்றது இப்படி வலிக்கிறது.

அந்தக் கோடை எங்களுக்குப் பண்டிகையாகப் போயிற்று. வைதேகி கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஓர் அறையில்தான் படுக்கப் போட்டி போட்டார்கள். பெருமாள் படத்தின் பின்னால் வெள்ளை படியவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். ராஜி வீட்டுக்கு அக்காவை அழைத்துப் போனது நான். அடுத்த தெருவுக்கும் நான்தான்.

பிறகு மழை வந்தால் அறையில் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. நனைந்த கோணிப்பையின் வாசனை. அக்காவிடம் சொன்னேன். "புது ஷீட்டு, அப்படித்தான் இருக்கும். சாம்பிராணி போடு" என்றார். போட்டேன். அடுத்த மழைக்கும் வந்தது. போட்டேன். போர்டில் ஒரு கறைகூட இல்லாததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இனி துக்க வீடு. குளிப்பாட்டி முடித்து, "பீரோல அம்மாவோட அரக்கு பட்டு இருக்கும், எடுத்துட்டு வாங்க" என்று என்னை உள்ளே அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போனது அப்போதுதான். லைட் போட்டேன். புடவையை மறந்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். ஷீட் இல்லை. வெள்ளை போர்டு இல்லை. பழைய மச்சு அப்படியே திறந்து கிடந்தது. இரண்டு உத்தரங்களுக்குப் பதிலாக இரும்பு போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவற்றின் முனைகள் சுவருக்குள் போகும் இடத்தில் கறுத்திருந்தன. சுவரெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு பூசி, ஈரம் வெளியே போகட்டும் என்று வெறுமனே விட்டிருந்தது. மேலே காற்றுப் போக ஓட்டை வைத்திருந்தார்கள்.

"பத்மா, புடவை கெடைக்கலையா?" என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். என் கையாலேயே சுற்றியும் விட்டேன்.

எல்லாரும் சுடுகாட்டுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, கொல்லையில் பந்தல் கழிகளை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த தேவராஜைப் பிடித்தேன்.

"உள் ரூம் மச்ச எப்போ பிரிச்சீங்க தேவராஜ்?"

"ரெண்டு வருஷ மழைக்கு முன்னாடிம்மா."

"ஏன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இன்னாத்த சொல்றது... மேல எங்கியோ கசிஞ்சி, தண்ணி எறங்க வழியில்லாம ஷீட்டு மேலயே நின்னுகினு இருந்துச்சு. ஓதம் வேற. உத்தரம் முனையெல்லாம் பஞ்சாட்டம் ஆயிப்போச்சு. வெரல் வெச்சா உள்ள போவுது. அம்மா பாத்துட்டு அப்படியே குந்திகினாங்க."

"எங்க வீட்லயும் அதே ஷீட்டுதானே?"

"எல்லா வூடும் ஒண்ணு இல்லம்மா. உங்களுது நல்லாவும் இருக்கலாம். பிரிச்சாதான் தெரியும்."

"ஏன் யாரும் சொல்லல?"

"நான் கேட்டேன். 'நீ வாய தொறக்காத தேவராஜ், ஜனம் பயந்துடும். நானே ஒவ்வொரு வூடா போயி சொல்லிக்கிறேன்'னு சொன்னாங்க." அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, உங்ககிட்டயே சொல்லலியா?"

சொல்லவில்லை. இரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லவில்லை. என் வீட்டு அடுப்பில் காபி கலந்து குடித்தவர் சொல்லவில்லை. ரகுவைக் கேட்டேன். "வீட்ல ஏதோ ரிப்பேர் பாத்தாங்கன்னு மட்டும் தெரியும் ஆன்ட்டி" என்றான். அவன் புனேவில் இருப்பவன், அவனைச் சொல்லிப் பயனில்லை.

யோசித்துப் பார்த்தால், ஒரே ஒரு தடவை சொல்ல வந்தாரோ என்று தோன்றுகிறது. வைதேகிக்கு நாள் தள்ளிப்போன செய்தியைக் கோயிலில் சொன்னபோது என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு, "அந்த உள் ரூம்லயா படுக்க வெப்ப?" என்று கேட்டார்.

"பின்ன எங்கக்கா? அதுதானே நம்ம வீட்லயே நல்ல ரூமு, நீங்க செஞ்சு குடுத்தது."

கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார். "முன் கூடத்துல காத்து நல்லா வரும் பத்மா. அங்கயே படுக்க வையேன்" என்றார். நான் சிரித்தேன். பிள்ளை பெற்றவளை வருவோர் போவோர் நடுவே போட முடியுமா? அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். இதோ, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காற்று வரும் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, மச்சு இற்றிருக்கலாம் என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்திருக்கலாம். எத்தனை வீடு என்று மலைத்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்திருக்கலாம். அவருக்காக நானே இத்தனை காரணம் தேடிக் கொடுத்துவிட்டேன். ஒன்றுகூட என் மனசில் நிற்கவில்லை. தன் தலைக்கு மேல் இருந்ததைப் பிரித்தவர், என் தலைக்கு மேல் இருந்ததை விட்டுவைத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் பிரித்த அன்றே சொல்லியிருந்தால் நானும் மறுநாளே பிரித்திருப்பேன், தடுக்க யாரும் இல்லை. இப்போது முடியாது. பெண் வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும்போது வீட்டில் இடிக்கவோ பிரிக்கவோ கூடாது என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். சம்பந்தி அம்மா போனிலேயே பதறிவிட்டார். என் கணவர், "குழந்தை பொறந்து அவ திரும்பிப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார். தேவராஜைக் கெஞ்சினேன். "மாசமா கீற பொண்ணு வர்ற வூட்ல கூரைல கை வெக்க மாட்டேம்மா. எனக்கும் புள்ளகுட்டி கீது" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவள்தான். தினமும் விளக்கேற்றிவிட்டு அந்த அறை வாசலில் நின்று மேலே பார்க்கிறேன். வெள்ளை போர்டு பளிச்சென்று இருக்கிறது. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அக்கா பெருமாள் திருவடி சேர்ந்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வைதேகிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் என்னோடு மாற்றி மாற்றிக் கண்விழித்தவர் அவர். அந்த நன்றியை வைத்துக்கொள்கிறேன். இந்தக் கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டால், நான் அறிந்த சுலோச்சனா அக்காவாக அவர் இருக்க மாட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் அக்கா ஷீட் போட்டுக்கொடுத்த வீட்டுக்காரர்கள் இருக்கிறீர்கள். ராஜி உட்பட உங்கள் எல்லோரையும் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்து அக்கா இதைச் சொன்னாரா? சொன்னார் என்றால் எந்த மாதிரி வீட்டுக்கு ஆபத்து என்றார்? யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் உத்தரம் எப்படி இருந்தது? அது தெரிந்தால், வழக்கத்தை மீறிப் பிரிப்பதா, வைதேகியைப் பிரசவத்துக்கு அவள் மாமியார் வீட்டிலேயே விடுவதா என்று முடிவு செய்வேன். ஐப்பசி பிறந்ததும் வளைகாப்பு. அது முடிந்த கையோடு அவளை அழைத்து வர வேண்டும். நல்லதோ கெட்டதோ, உங்களுக்குத் தெரிந்ததை அதற்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.